அளவு ஜாக்கெட்

"ஜபலா எல்லாம் எனக்கு வேண்டாம் டீச்சர். முதல்ல ஜாக்கெட்தான் தைப்பேன்" என்றார் சௌந்தரபாண்டி.

ஓடிக்கொண்டிருந்த ஆறு தையல் மிஷின்களும் சட்டென்று நின்றன.

நிற்காமல் என்ன செய்யும்? கோவில்பட்டியில் அந்த மாடித் தையல் வகுப்பு தொடங்கி ஒன்பது வருஷமாகிறது. ஆம்பளை ஒருவர் படிக்க வந்ததே அதிசயம். அதுவும் அறுபத்தோரு வயது ஆம்பளை. வந்த மூன்றாம் நாளே ஜாக்கெட்தான் தைப்பேன் என்று கொடி பிடிக்கிறார்!

மைமூன் டீச்சருக்கு முப்பத்தோரு வயது. காசு கொடுத்துப் பேசுகிற மாதிரி, வார்த்தைகளை எண்ணித்தான் விடுவார். அவர் தலையைத் தூக்கவில்லை. விரித்த துணியில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்கு?"

"வீட்டுல."

"என்ன அவசரம்?"

"மகளுக்கு வளைகாப்பு வருது டீச்சர். இருபத்திரண்டு நாள்தான் இருக்கு."

"வளைகாப்பா? அப்போ ஜபலாதான் முதல்ல வேணும்."

ஆறு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்து மிஷின் ஜோதிலட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சௌந்தரபாண்டிக்கு முகம் சிவந்தது.

இங்கே யார் வந்தாலும் முதல் பாடம் ஜபலா. கைக்குழந்தைக்குப் போடுகிற குட்டிச் சட்டை. நாலு தையல், ரெண்டு கயிறு, முடிந்தது வேலை. கோணலாகத் தைத்தாலும் போட்டுக்கொள்கிற ஆள் புகார் சொல்லாது. கலெக்டர் பெண்டாட்டியே வந்தாலும் டீச்சர் ஜபலாவைத்தான் கையில் கொடுப்பார்.

ஆனால் சௌந்தரபாண்டியின் அவசரம் அந்தச் சிரிப்புக்குத் தெரியாது.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மார்பில் கட்டி. இடது மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்து வந்தாள். வந்தவள், செக்கப்புக்கு ஆட்டோவில் போய் வந்ததைத் தவிர, வாசற்படி தாண்டவில்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. காலையிலும் அதே, சாயங்காலமும் அதே. தெருவில் காய்கறி வண்டி நின்றால்கூட ஜன்னல் வழியாகத்தான் பை நீட்டுவாள்.

மகள் உமா திருநெல்வேலியிலிருந்து போன் போட்டாள். "அம்மா, புது ஜாக்கெட் தைச்சாச்சா?"

"நான் வரலைடி. அப்பா வருவாரு."

"அம்மா வராத வளைகாப்பு எனக்கு எதுக்கு? வளையலே வேண்டாம், போ."

அம்மாவும் அழுதாள், மகளும் அழுதாள். சௌந்தரபாண்டி பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பே ஒருநாள் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் இவர் நின்றிருந்தார். உள்ளே துணி உரசுகிற சத்தம். பெருமூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் வெளியே வந்த பிறகு பார்த்தால் தரையெல்லாம் பஞ்சு.

இவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

நாமே ஒன்று தைத்துவிடுவோம். பழைய ஜாக்கெட் மாதிரியே, அதே அளவில். உள்ளே ஒரு பை வைத்துப் பஞ்சை அடைத்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. எந்த டெய்லரும் அவளைத் தொட்டு அளக்க வேண்டாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

லைப்ரரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் இந்த மாடிப்படி ஏறினார்.

"என்னைச் சாதாரணமா நினைக்காதீங்க டீச்சர்" என்றார் இப்போது. சிரித்தவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினார். "முப்பத்தஞ்சு வருஷம் சர்வேயர். இந்தத் தாலுகாவுல நான் அளக்காத நிலம் கிடையாது."

"சரி."

"பழைய படத்தை நம்பி ஒரு கல்லு நட்டவன் இல்லை நான். ஓடை ஒதுங்கியிருக்கும். வரப்பு நகர்ந்திருக்கும். வெயிலோ மழையோ, நேர்ல போய்ச் சங்கிலி பிடிச்சாத்தான் எனக்கு அளவு!"

மைமூன் டீச்சர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"நேர்லயா?"

"நேர்லதான்."

"நல்லது."

மறுபடி குனிந்து கோடு போடப் போய்விட்டார். அந்த 'நல்லது' எதற்கு என்று சௌந்தரபாண்டிக்குப் புரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் ஒரு பூப்போட்ட பழைய துணியை எடுத்து அவர் முன்னால் போட்டார். மாதிரிக்கு ஒரு காகிதக் கையையும் வைத்தார்.

"ஜாக்கெட்தானே? கை ரெண்டும் வெட்டுங்க, பார்ப்போம்."

அட, இவ்வளவுதானா! சௌந்தரபாண்டி காகிதத்தைத் துணிமேல் வைத்தார், சுற்றிக் கோடு போட்டார், வெட்டினார். காகிதத்தை அப்படியே நகர்த்தி வைத்து இன்னொன்று வெட்டினார். ஓரம் பிசிறில்லாமல் வந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டீச்சர் ரெண்டையும் தூக்கிப் பிடித்தார். பூ ரெண்டிலும் வெளிப்பக்கம் பார்த்தது. வளைவு ரெண்டிலும் ஒரே பக்கம் பார்த்தது.

"ரெண்டும் இடது கை. யாருக்கு சார் இது?"

இந்தத் தடவை சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மாடியை எட்டிப் பார்த்தார்.

"புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதான்" என்ற டீச்சர், துணியை எடுத்து ரெண்டாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து உள்ளங்கையால் நீவிவிட்டார். "மடிச்சுத்தான் வெட்டணும். கை ரெண்டு, முன்பக்கம் ரெண்டு. மடிச்சு ஒரே வெட்டு. அப்போதான் ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணா வரும். இதை மறந்தவங்க என் கிளாஸ்ல தேற மாட்டாங்க."

"மறக்க மாட்டேன் டீச்சர்."

மறக்கவும் இல்லை. அடுத்த நாலு நாள் வீட்டில் கிடந்த செய்தித்தாள் எல்லாம் ரெண்டு ரெண்டாக மடிந்து கை கையாக விழுந்தது. செண்பகவல்லி கூட்டும்போது கேட்டாள், "எலி ஏதும் வந்துருச்சா?"

"இருக்கும், இருக்கும்" என்றார் இவர்.

இன்னும் பதினெட்டு நாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில், போர்வைக்கு அடியில், வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தது அந்த ஜாக்கெட். அரக்கு நிறம். கை ஓரத்தில் மெல்லிசாக ஜரிகை. உமாவின் சடங்குக்குத் தைத்தது. அவளுக்கு அப்படிப் பொருந்திய ஜாக்கெட் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக எந்த டெய்லரிடம் போனாலும் இதைத்தான் அளவுக்குக் கொடுப்பாள். "இதே மாதிரி, ஒரு நூல் கூட வேண்டாம், குறைய வேண்டாம்" என்பாள்.

சொந்த வீட்டில் திருடுகிறவனுக்கு எவ்வளவு வேர்க்கும் என்று சௌந்தரபாண்டிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பில் போய் அதை டீச்சர் மேஜையில் பெருமையாக விரித்தார்.

"அளவு இந்தா இருக்கு டீச்சர். இனிமே ஜபலா கிபலான்னு சொல்லக் கூடாது."

டீச்சர் ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"ஆள் எங்க?"

"ஆள் எதுக்கு? அதான் அளவு ஜாக்கெட் இருக்கே. ஊர்ல எல்லா டெய்லரும் இதைத்தானே கேக்குறாங்க?"

"அவங்க கேப்பாங்க. ஆள் எங்க சார்?"

"முழங்கால் வலி. மாடி ஏற முடியாது."

"வீடு பக்கம்தானே. நான் வந்து அளந்துக்கிறேன்."

"வேண்டாம்!"

அவர் போட்ட சத்தத்தில் ஜோதிலட்சுமி ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சௌந்தரபாண்டி குரலைத் தணித்தார். "வேண்டாம் டீச்சர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அப்போ நீங்களே அளந்துட்டு வாங்க."

"நானா?"

"நிலம் அளந்தவர்தானே."

"அதுக்கில்லை டீச்சர்..." அவருக்கு நாக்கு குழறியது. "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாச்சு. இப்போ போய் டேப்பும் கையுமா முன்னால நின்னா... ஒரு மாதிரியா இருக்காதா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"இது எப்போ தைச்சது?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்காங்களா?"

சௌந்தரபாண்டி ஜாக்கெட் ஓரத்தை நீவினார். கண் தானாகக் கீழே போனது.

டீச்சர் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். மிஷின் டப்பாவிலிருந்து பாதி பிளேடை எடுத்தார்.

ஏதோ நூல் பிசிறை வெட்டப் போகிறார் என்று இவர் நினைத்தார்.

பிளேடு பக்கத் தையலில் இறங்கியது. அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழு.

"டீச்சர்!"

அடுத்த பக்கம் ஒரு இழு.

"ஐயய்யோ! டீச்சர்! என்ன பண்றீங்க? கையை எடுங்க!"

அவர் பாய்ந்து பிடிப்பதற்குள் தோள்பட்டை ரெண்டும் பிரிந்துவிட்டது. வலது கை கழன்று விழுந்தது. இடது கை கழன்று விழுந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு தையல் விடாத ஜாக்கெட், நாலு மூச்சு விடுகிற நேரத்தில் துண்டு துண்டாக மேஜையில் கிடந்தது.

ஒரு டெய்லர் அடுத்தவர் அளவு ஜாக்கெட்டில் பிளேடு வைத்து யாரும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. துணியைத் தொலைத்தால்கூட மன்னிப்பு உண்டு, அளவு ஜாக்கெட்டைத் தொலைத்தால் அந்த டெய்லர் கடைக்கு அப்புறம் ஒருத்தியும் போக மாட்டாள்.

சௌந்தரபாண்டி கழன்று விழுந்த கையை எடுத்துப் பார்த்தார்.

"நான் என்னம்மா பாவம் பண்ணினேன் உங்களுக்கு? அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேனே! இனி அளவுக்கு நான் எங்க போவேன்?"

மைமூன் டீச்சர் பிளேடைக் கீழே வைத்தார். முன்பக்கத் துண்டுகள் ரெண்டையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். நூல் பிசகாமல் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டன. அதை அவரிடம் காட்டினார். பிறகு எல்லாத் துண்டுகளையும் பையில் போட்டார். தன் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி, அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"போயிட்டு வாங்க சார்."

சௌந்தரபாண்டி படி இறங்கினார். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வழியில் யாரோ வணக்கம் வைத்தார்கள்.

செண்பகவல்லி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைட்டி, மேலே துண்டு.

"என்ன, லைப்ரரியை அதுக்குள்ள பூட்டிட்டாங்களா? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"பையில என்ன?"

அவர் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அறுபத்தோரு வயதில் செய்கிற காரியமா இது? அவள் எழுந்து வந்து பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள்.

அரக்குத் துண்டுகள் கீரைமேல் விழுந்தன.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இப்போது அலறுவாள், இப்போது மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்து வைத்திருந்தாள். இடது முன்பக்கம்.

"யாரு பிரிச்சது?"

"டீச்சர்."

"எந்த டீச்சர்?"

"தையல் டீச்சர்."

"உங்களுக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?"

கொட்டிவிட்டார். லைப்ரரி பொய், ஜபலா, எலி, பஞ்சு, எல்லாவற்றையும். "உமா வளைகாப்புக்குள்ள உனக்கு ஒண்ணு தைச்சுடலாம்னு பார்த்தேன் செண்பகம். உள்ள பஞ்சு வச்சு. பழைய மாதிரியே. பார்க்கிறவங்க யாருக்கும் ஒண்ணுமே தெரியாது. அந்தப் பொம்பளை பிளேடை வச்சு இப்படிப் பண்ணிட்டா. நீ என்னைத் திட்டு. நல்லா திட்டு."

"பழைய மாதிரியேவா?" என்றாள் செண்பகவல்லி.

"பழைய மாதிரியே."

அவள் துண்டை மடியில் வைத்து நீவினாள்.

"எட்டு மாசமா நானே இதைப் பிரிக்கணும்னு பிளேடை எடுப்பேன், வைப்பேன். எடுப்பேன், வைப்பேன். மனசு வரலை. அந்தப் பொண்ணு பிரிச்சுட்டா." மூக்கை உறிஞ்சினாள். "வேற என்ன சொன்னா?"

"உன்னை அளந்துட்டு வரச் சொன்னாங்க."

"அளங்க."

சொல்லிவிட்டு எழுந்து, வாசல் கதவைச் சாத்தினாள். மேல் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். நைட்டியின் கொக்கியில் கை வைத்தாள்.

சௌந்தரபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள் பின்னாலிருந்து. "திரும்பிட்டீங்க."

"உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு..."

"எனக்கா?"

அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில கட்டு பிரிச்ச அன்னைக்குத் திரும்பினீங்க. இன்னும் இந்தப் பக்கம் திரும்பலை. நான் துணி மாத்தினா வெளிய போயிடுறீங்க. டாக்டர் கூப்பிட்டா எங்க அக்காவை உள்ள அனுப்பிட்டு பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்க. ஜாக்கெட் சேரலைன்னா நான் வெளிய போகலை? அப்படியா நினைச்சீங்க?"

"பின்னே?"

"முப்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுசனாலயே பார்க்க முடியலை. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊர் முன்னால போய் நிப்பேன்? சொல்லுங்க."

தலையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது சௌந்தரபாண்டிக்கு. அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றல்லவா எட்டு மாதமும் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தார்! அதைப் பெரிய தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார். தாலுகா முழுக்க நேரில் போய்ப் பார்த்த மனுஷன், நாலடி தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு திரும்பினார்.

பார்த்தார்.

ஒரு கோடு. தோளுக்குக் கீழே தொடங்கி விலாப்பக்கம் போய் முடிந்தது. அவ்வளவுதான். இதற்காகவா?

"செண்பகம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுதது போதும். டேப்பை எடுங்க. நான் எழுதிக்கிறேன்."

தினக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வலது என்றும் இடது என்றும் ரெண்டு தலைப்பு எழுதிக்கொண்டாள். அவர் அளந்து சொன்னார், அவள் எழுதினாள். தோள். முன்பக்கம் வலது. முன்பக்கம் இடது. இடது பக்கத்தில் டேப்பைத் தொட்டும் தொடாமலும் வைத்தார்.

"வலிக்குதா?"

"வலிக்கலை. மரத்துப் போயிருக்கு. நல்லா பிடிச்சு அளங்க."

கை சுற்றளவுக்கு வந்தார். "வலது கை, பதினொண்ணு."

எழுதினாள்.

"இடது கை..." அவர் நிறுத்தினார். டேப்பை எடுத்து உதறிவிட்டு மறுபடி சுற்றினார். இன்னொரு தடவையும் சுற்றினார். "இடது கை பதிமூணு காட்டுதே! டேப் தப்பா?"

"டேப் சரிதான்."

"ரெண்டு இஞ்ச் எப்படி..."

"வீங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணினா இப்படி வருமாம். ஆறு மாசமாச்சு. எந்த ஜாக்கெட்லயும் இந்தக் கை நுழையலை. நீங்க எத்தனை மூட்டை பஞ்சு வச்சுத் தைச்சிருந்தாலும் நான் எப்படிப் போட்டிருப்பேன்?"

ஆறு மாதம்! அவர் அந்தக் கையையே பார்த்தார். தினமும் அவருக்குச் சோறு போட்ட கை, தண்ணீர்க் குடம் தூக்கிய கை.

"இந்தக் கையோடவா குடம் தூக்கினே?"

"நீங்க பார்க்கலையே."

சௌந்தரபாண்டி அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓவென்று அழுதார். கீரையும் அரக்குத் துணியும் சுற்றிக் கிடந்தன. அவள் தடுக்கவில்லை. தானும் கொஞ்சம் அழுதாள். அப்புறம் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உமாவுக்குப் போன் போடுங்க."

"என்ன சொல்ல?"

"அம்மா வர்றான்னு சொல்லுங்க." காலண்டர் தாளை அவர் சட்டைப் பையில் செருகினாள். "பஞ்சு கிஞ்சு ஒண்ணும் வேண்டாம். கை நுழையிற மாதிரி தைச்சுக் குடுங்க. அது போதும்."

மறுநாள் மாடிப்படியில் ரெண்டு பேர் ஏறுகிற சத்தம் கேட்டது.

முதலில் சௌந்தரபாண்டி வந்தார். பின்னாலேயே, நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றி, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு செண்பகவல்லி வந்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் தெருவில் நடந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. வாசலிலேயே நின்று மைமூன் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரும் அவளைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சௌந்தரபாண்டி காலண்டர் தாளை நீட்டினார்.

டீச்சர் அதை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார்.

ஜோதிலட்சுமிக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் சோறு இறங்காது. எட்டிப் பார்த்தாள். "என்ன சார், வலதுக்கு ஒண்ணு எழுதியிருக்கீங்க, இடதுக்கு வேற எழுதியிருக்கீங்க? தப்பா அளந்துட்டீங்களா?"

"இல்லைம்மா" என்றார் அவர். "மூணு தடவை அளந்தேன். சரியாத்தான் இருக்கு."

சிரிக்க வாயெடுத்த ஜோதிலட்சுமி ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்து மேஜையில் வைத்தார். அரக்கு நிறம் இல்லை. நல்ல கிளிப்பச்சை.

சௌந்தரபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு துணியை எடுத்தார். படித்த பாடத்தை மறக்கவில்லை. ரெண்டாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். உள்ளங்கையால் நீவிவிட்டார். கத்திரியை எடுத்தார்.

மைமூன் டீச்சரின் கை குறுக்கே வந்தது.

மடிப்பின் மேல் பாதியை விளிம்பில் பிடித்துத் தூக்கி, மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். துணி மேஜை முழுக்க விரிந்தது.

"மடிக்காம வெட்டுங்க சார்."